முன்மாதிரிப் பெண்ணும் பதினான்கு பொன்னாடைகளும்

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் எடுத்து வைத்த பெரிய அடி, இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு ஜூன் மாதம், கேளம்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில், பிற்பகல் இரண்டு மணிக்கு எடுத்து வைக்கப்பட்டது. அடி தரையைத் தொட்டபோது மூன்றேகால் என்பது வேறு விஷயம். தலைவர் கங்காதரன் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வர வேண்டாமா?

பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் ‘நிரந்தர’த் தலைவரான அவர் ஒரு மாபெரும் உண்மையைக் கண்டறிந்திருந்தார். பள்ளிக்குப் பத்து கம்ப்யூட்டர்கள் வந்தும், பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் குரூப்பில் ஒரு பெண்கூடச் சேரவில்லை. காரணம், அவர்களுக்கு ஒரு ‘முன்மாதிரி’ இல்லை. உடனே பதினான்கு ஆண்கள் கொண்ட ‘மகளிர் ஊக்குவிப்புக் குழு’ உதயமாயிற்று. குழு, அணுமின் நிலைய ஊழியர்கள் வசிக்கும் அணுபுரம் குடியிருப்பில் சல்லடை போட்டுத் தேடி, கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதும் ஸ்ரீதேவி என்ற அம்மையாரை விழாவில் பேசப் பிடித்து வந்தது. பாவம், அவர் அரை நாள் லீவு போட்டு வந்தார்.

முதல் வரிசையில் தமிழரசி. பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்றெட்டு. மடியில் கம்ப்யூட்டர் குரூப் விண்ணப்பம். தகப்பன் கையெழுத்து மட்டும் பாக்கி. அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்கு ஆபீஸ் ஜன்னல் மூடிவிடும். பக்கத்தில் அவள் அப்பா சடையப்பன், கடலிலிருந்து கரையேறிய கையோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

“நைனா, கையெழுத்து போட்டுடேன்.”

“இருடி. அந்தம்மா இன்னா சொல்லுதுன்னு கேப்போம். மனசு ஒத்துகினா போடறேன்.”

கங்காதரன் மேசையைத் தட்டினார். “பெண்கள் பேச வேண்டும்! பெண்களைப் பேச விடாத சமுதாயம் உருப்படாது!” இதை நாற்பது நிமிடம் வலியுறுத்தினார். தலைவர் எதையும் விட்டுவைக்கவில்லை என்பதைத் துணைத் தலைவர் இன்னொரு இருபது நிமிடம் விளக்கினார்.

பிறகு பொன்னாடை. தலைவருக்குச் செயலாளர், செயலாளருக்குப் பொருளாளர் என்று பதினான்கு பேரும் ஒருவருக்கொருவர் போர்த்திக்கொள்ளும் உன்னதச் சடங்கு. தட்டு ஏந்த ஆள் வேண்டும். மேடையில் இருந்த பெண் ஒருவர்தான். “கொஞ்சம் புடிங்கம்மா” என்று எவரோ நீட்ட, முன்மாதிரி பிடித்துக்கொண்டார்.

சடையப்பன் உற்றுப் பார்த்தார். “இன்னா தமிழு, கம்ப்யூட்டர் படிச்ச அம்மா இதானே?”

“ஆமா நைனா.”

“தட்டுதானே ஏந்திகினு கீது? இதுக்கா அம்மாம் படிப்பு? நம்ம வூட்லயும்தான் தட்டு கீது.”

தமிழரசி விண்ணப்பத்தை அப்பாவின் மடியில் வைத்தாள். எழுந்துபோய் மேடை ஓரத்தில் நின்றாள். “அக்கா, நீங்க எப்போ பேசுவீங்க?”

“எட்டாவது பொன்னாடை முடிஞ்சதும்னாங்க. இப்ப பதினொண்ணு ஓடுது.”

“நீங்க பேசினாதான் எங்க நைனா கையெழுத்து போடும்.”

ஸ்ரீதேவி தட்டைத் தலைவரின் மடியில் வைத்தார். விடுவிடுவென்று இறங்கி வந்தார். “உங்க பொண்ணை இதுல சேருங்கண்ணே. நானும் உப்பளத்து வேலைக்காரர் மகள்தான்.”

“ஆபீஸ்லயும் தட்டு புடிக்கணுமாம்மா?”

“புடிக்கச் சொல்வாங்க. நான் புடிக்கிறதில்ல. இன்னைக்கு ஏமாந்துட்டேன்.”

சடையப்பன் சிரித்துவிட்டார். பேனாவை வாங்கிப் பெயரை முழுசாக எழுதினார்.

மணி நாலே முக்கால். தமிழரசி ஓடினாள். ஆபீஸ் ஜன்னல் பூட்டிக் கிடந்தது. விண்ணப்பம் வாங்கும் குமாஸ்தா முத்துசாமியும் குழுவில் ஒருவர்; மேடையில் பொன்னாடைக்குப் பதிமூன்றாவதாக நின்றுகொண்டிருந்தார். திரும்ப ஓடி வந்து கீழேயிருந்து தாளை ஆட்டிக் காட்டினாள். அவர் ‘பொறு’ என்று கண்ணால் சொன்னார். போர்த்திக்கொண்டார். நன்றியுரையும் அவரே. சாமியானாக்காரர் வரை ஒருவரையும் விடவில்லை. முன்மாதிரியை “இரண்டு வார்த்தை” பேச அழைத்தபோது மைக் செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“சார், ஃபாரம்.”

முத்துசாமி கடிகாரத்தைப் பார்த்தார். “அஞ்சே காலாச்சேம்மா. ரூல்னா ரூல்.”

“நாலே முக்காலுக்கே வந்தேன் சார். ஜன்னல் மூடிகினு இருந்துச்சி.”

“பின்ன எப்டித் தொறந்திருக்கும்? நாங்க அல்லாரும் உங்கள ஊக்குவிச்சிகினு இருந்தமே!”

“நாள பின்ன இவங்க ஊக்குவிக்கறப்போ சொல்லு,” என்றார் சடையப்பன் மகளிடம். “அன்னிக்கு நாம கடலுக்குப் பூடலாம்.”

தமிழரசி, இடம் மிச்சமிருந்த ஹிஸ்டரி குரூப்பில் சேர்க்கப்பட்டாள்.

மறு வாரம் குழு கூடித் தீர்மானம் நிறைவேற்றியது: ‘இத்துணைப் பெரிய விழா எடுத்தும், கம்ப்யூட்டர் குரூப்புக்கு ஒரு மாணவியின் விண்ணப்பமும் பெறப்படவில்லை. பெண்களுக்குத் தொழில்நுட்பத்தில் ஆர்வமில்லை என்பதைக் குழு ஆழ்ந்த வருத்தத்துடன் பதிவு செய்கிறது.’

குழுவின் நேர்மையைச் சந்தேகிக்கக் கூடாது. விண்ணப்பம் பெறப்படவில்லை என்பது எழுத்துக்கு எழுத்து உண்மை. அதைப் பெற்றுக்கொள்ள வேண்டியவர் அந்த நேரத்தில் பொன்னாடை பெற்றுக்கொண்டிருந்தார்.