முதல் பெண்களின் சுவர்

பெண்களைப் போற்றுவதில் எங்கள் மாநில அரசை மிஞ்ச அமெரிக்காவின் மற்ற நாற்பத்தொன்பது மாநிலங்களாலும் முடியாது. மற்றவர்கள் வாயால் போற்றுகிறார்கள். நாங்கள் வெண்கலத்தில் போற்றுகிறோம்.

சந்தேகம் உள்ளவர்கள் சட்டமன்றக் கட்டடத்தின் கிழக்குத் தாழ்வாரத்துக்கு வரலாம். 'முதல் பெண் தலைமை வழக்கறிஞர்', 'முதல் பெண் மீன்வள ஆணையர்', 'முதல் பெண் சிறைத்துறை இயக்குநர்' என்று இருபது தகடுகள் அங்கே வரிசையாகப் பளபளக்கின்றன. ஆளுநரின் விழா அலுவலகத்தில் இருபத்தாறு வருடங்களாக இருக்கிறேன். பெயர் எல்வுட் பிராட். அந்தச் சுவருக்கு நான்தான் பொறுப்பு.

தகடு எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்துகொண்டால் உங்களுக்கும் பிடித்துப்போகும். முதலில் மேப்பிள் மரத்தில் ஓர் அச்சு. அதை ஈர மணலில் அழுத்தி எடுத்தால் மணலில் பள்ளம் விழும். பள்ளத்தில் உருகிய வெண்கலத்தை ஊற்றினால் தகடு. எங்கள் அச்சின் சிறப்பு என்னவென்றால், அதன் மேல்வரியில் 'முதல் பெண்' என்ற சொற்கள் நிரந்தரமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கீழ்வரியில் மட்டும் எழுத்துகளைக் கழற்றி மாட்டலாம். ஆகவே மேல்வரியில் பிழை நேர வாய்ப்பே இல்லை. இதை யோசித்த மனிதரை மனதுக்குள் இன்றும் வணங்குகிறேன்.

அப்பேர்ப்பட்ட அச்சுக்கும் ஒரு சோதனை வந்தது. போக்குவரத்து ஆணையர் மார்செல்லா டிவைன் அக்டோபரில் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்குத் துணை ஆணையர் ரோக்ஸான் ஸ்கோக்லண்ட்தான் என்று துப்புரவுப் பணியாளர் முதல் சபாநாயகர் வரை எல்லோரும் சொன்னார்கள். பதினோரு குளிர்காலங்களாக மாநிலத்தின் பனி அகற்றும் லாரிகள் அவர் சொல்லுக்குத்தான் ஓடின.

ஆளுநர் லாக்ரிட்ஜ் என்னைக் கூப்பிட்டார். அவருடைய தலைமை உதவியாளர் கெண்ட்ரிக்கும் இருந்தார்.

"ரோக்ஸானைப் போட்டுடலாம். தங்கமான ஆளு. தகடு எப்ப ரெடியாகும், எல்வுட்?"

"சின்னச் சிக்கல், கவர்னர். அந்தப் பதவியில முதல் பெண் ஏற்கெனவே வந்தாச்சு."

"யாரு?"

"மார்செல்லா. பன்னெண்டாவது தகடு. நீங்கதான் திரையை விலக்கினீங்க."

"அடடே. அப்ப இவங்க?"

"ரெண்டாவது."

ஆளுநர் கெண்ட்ரிக்கைப் பார்த்தார். கெண்ட்ரிக் என்னைப் பார்த்தார்.

"ரெண்டாவதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை, கவர்னர். அச்சு இல்லை, விழா இல்லை, கேக் இல்லை."

கெண்ட்ரிக் சோர்ந்துபோகிற ஆள் அல்ல. ரோக்ஸானை உடனே வரவழைத்தார். அவர் சேறு படிந்த பூட்ஸோடு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க இடதுகைப் பழக்கமா?" என்று கேட்டார் கெண்ட்ரிக்.

"வலதுகை."

"வடக்கு மாவட்டத்துல பிறந்தவங்கதானே?"

"மார்செல்லாவும் அங்கதான் பிறந்தாங்க."

"ரெட்டைப் பிள்ளைல ஒருத்தரா?"

"தனியாத்தான் பிறந்தேன். அதுக்கு மன்னிப்புக் கேக்கணுமா?"

"லாரி ஓட்டுவீங்களா?"

"ஓட்டுவேன். லைசென்ஸ் இருக்கு."

"அப்படிப் போடுங்க! 'லாரி ஓட்டத் தெரிந்த முதல் பெண் ஆணையர்'!"

"அச்சுல 'முதல் பெண்' மேல்வரியில இருக்கு. 'லாரி ஓட்டத் தெரிந்த' அதுக்கும் மேல போகணும். மேல மரமே இல்லை," என்றேன். தொழில்நுட்பத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ரோக்ஸான் பெருமூச்சு விட்டார். "கவர்னர், ஒண்ணு சொல்லட்டுமா? அகலமான ரோட்டுல பனியை ஒத்த லாரி தள்ள முடியாது. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு, கொஞ்சம் கொஞ்சம் விலகி, படிக்கட்டு மாதிரி போகணும். முதல் லாரி இடது ஓரத்துப் பனியை நடு ரோட்டுக்குத் தள்ளும். ரெண்டாவது லாரி அதையும் சேர்த்து ரோட்டோரப் பள்ளத்துல தள்ளும். ரெண்டாவது வரலைன்னா என்ன ஆகும் தெரியுமா? முதல் லாரி தள்ளினதெல்லாம் நடு ரோட்டுல சுவரா நிக்கும். அதுக்கு முதல் லாரியே போகாம இருந்திருக்கலாம்."

"ரொம்ப நல்ல விளக்கம்," என்றார் ஆளுநர். "ஆனா நாம பேசிட்டிருந்தது தகடு பத்தி."

"தகடே வேண்டாம். வேலையைக் கொடுங்க, போதும்."

ஆளுநரின் முகம் வாடியது. உண்மையாகவே வாடியது. "தகடு இல்லாம ஒரு பெண்ணை நியமிக்கறதா? அது பெண்களை அவமானப்படுத்தற மாதிரி ஆயிடாதா? நான் உயிரோட இருக்கற வரைக்கும் அது நடக்காது, ரோக்ஸான்."

இப்படியாக, பெண்கள்மேல் வைத்த மரியாதையின் காரணமாக, அந்தப் பதவிக்கு ஓர் ஆண் நியமிக்கப்பட்டார். ஆணுக்கு என்ன விழா தேவை என்று ஆளுநர் என்னிடம் கேட்டார். ஒன்றும் தேவையில்லை, மார்செல்லாவுக்கு முன் முப்பத்தோர் ஆண்கள் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார்கள், யாரும் அவர்களை எண்ணியதில்லை, நானே அன்றைக்குத்தான் எண்ணினேன் என்று சொன்னேன்.

புதிய ஆணையர் டாட் பிக்ஸ்பி. தேர்தலில் ஆளுநரின் பிரசாரப் பேருந்தை ஏற்பாடு செய்தவர். பனிமேல் ஓடும் ஸ்கூட்டர்களை விற்கும் கடை வைத்திருந்தார். சாலையில் பனி கிடந்தால்தான் அந்த வியாபாரம் ஓடும். ஆகவே பனியைப் பற்றி அவருக்குத் 'தனிப்பட்ட அக்கறை' இருந்தது.

ரோக்ஸானையும் நாங்கள் கைவிடவில்லை. 'ஆணையரின் மூத்த சிறப்பு ஆலோசகர்' என்று ஒரு பதவியை உருவாக்கினோம்.

"இதுல லாரியெல்லாம் என் பொறுப்புல வருமா?" என்று கேட்டார்.

"வராது," என்றார் கெண்ட்ரிக். "ஆனா இந்தப் பதவியில இதுவரைக்கும் யாருமே இருந்ததில்லை. முதல் பெண்ணுங்கறது ஒருபக்கம் இருக்கட்டும், முதல் மனுஷியே நீங்கதான்!"

டிசம்பர் பத்தாம் தேதி இருபதாவது தகட்டுக்குத் திரை விலக்கும் விழா. அன்று விடியும்போதே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. ஆணையர் பிக்ஸ்பி முன்னதாகவே ஒரு சீர்திருத்தம் செய்திருந்தார். "ஒரு ரோட்டுக்கு ஒரு லாரி பத்தாதா? பின்னாடியே இன்னொண்ணு போக இது என்ன கல்யாண ஊர்வலமா?" என்று சுற்றறிக்கையிலேயே கேட்டிருந்தார்.

பத்து மணிக்குச் சட்டமன்றச் சாலையின் நடுவே இடுப்புயரத்துக்குப் பனிச்சுவர். ஆளுநரின் கார் அதற்கு அந்தப்பக்கம். கேக்கும் நானும் நிருபர்களும் இந்தப்பக்கம். 'முதல் மனுஷி'யைக் காணவே இல்லை.

நாற்பது நிமிடம் கழித்து ஒரு லாரி உறுமிக்கொண்டு வந்து, சுவரை அப்படியே வாரிப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போனது. தாழ்வாரத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓட்டியது ரோக்ஸான். நிற்கவில்லை. அடுத்த சாலையிலும் ஒரு சுவர் இருந்திருக்க வேண்டும்.

கார் வந்தது. ஆளுநர் திரையை விலக்கினார். சாலையைச் சீராக வைத்திருந்ததற்காக ஆணையர் பிக்ஸ்பியைப் பாராட்டினார். பிக்ஸ்பி கேக்கை வெட்டினார். விழாவின் நாயகிக்கு ஒரு துண்டு எடுத்துவைக்கச் சொன்னேன். கெண்ட்ரிக் அதைத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டார்.

அப்போது உள்ளூர்ப் பத்திரிகையின் டெஸ்ஸா ஹோல்ம் எழுந்தார். "கவர்னர், ஒரே ஒரு கேள்வி. இந்தச் சுவர்ல இருபது பேர் இருக்காங்க. இந்தப் பதவிகள்ல எதுக்காவது ரெண்டாவதா ஒரு பெண் எப்ப வருவாங்க?"

ஆளுநர் நெஞ்சை நிமிர்த்தினார். "எழுதிக்கோங்க, டெஸ்ஸா. எங்க மாநிலத்துல பெண்களுக்கு ரெண்டாம் இடம்ங்கற பேச்சுக்கே இடமில்லை!"

பலத்த கைதட்டல். தன் வார்த்தைகள் ஆளுநருக்கே மிகவும் பிடித்துப்போயின. அதை வெண்கலத்தில் வார்த்து, எல்லாத் தகடுகளுக்கும் மேலே மாட்டும்படி எனக்கு உத்தரவிட்டார். இருபத்தாறு வருடங்களில் முதல் தடவையாகப் புது அச்சு. ஒவ்வோர் எழுத்தையும் நானே உட்கார்ந்து மரத்தில் வரைந்து கொடுத்தேன்.

ஜனவரியில் ஏணிமேல் நின்று அதன் கடைசித் திருகை முறுக்கிக்கொண்டிருந்தபோது, ரோக்ஸான் ஓர் அட்டைப்பெட்டியோடு தாழ்வாரத்தில் வந்தார். உள்ளே ஒரு காபிக் கோப்பை, ஒரு ஜோடிக் கையுறை, சாலை வரைபடங்கள்.

"கிளம்பிட்டீங்களா?"

"ஆமா, எல்வுட். பக்கத்து மாநிலத்துல போக்குவரத்து ஆணையரா சேர்றேன். அங்க நான் நாலாவது பெண்ணாம். தகடு கிடையாது, கேக்கும் கிடையாது. திங்கட்கிழமை வந்து சேருன்னாங்க."

"அடப் பாவமே," என்றேன். அவ்வளவு பெரிய அதிகாரிக்கு ஒரு கேக்குகூட இல்லாமல் எப்படி என்று எனக்கு மனசே ஆறவில்லை.

அவர் தலையை உயர்த்திப் புதுத் தகட்டைப் படித்தார். 'எங்கள் மாநிலத்தில் பெண்களுக்கு இரண்டாம் இடம் என்ற பேச்சுக்கே இடமில்லை.' பிறகு கீழே இருந்த இருபது தகடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார்.

"பிழை இருக்கான்னு பார்த்தீங்களா, எல்வுட்?"

"மூணு தடவை பார்த்தேன். ஓர் எழுத்துகூடத் தப்பில்லை."

"ஆமா," என்றார் ரோக்ஸான், பெட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு. "ஓர் எழுத்துகூடத் தப்பில்லை."