வண்டிக்கு நாடி பார்த்தவர்

ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தக் கிடங்குத் தெருவில் ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாது. வீட்டைவிட விலை கூடிய கார்கள் வாலும் தலையுமாக நிற்கும். தரையை நக்குகிற மாதிரி தாழ்த்திய கார். இன்ஜினைத் தட்டிக்கொட்டிப் பலத்தை ஏற்றிய கார். புகைக்குழாயைப் பிரித்துத் தெருவையே செவிடாக்கிய கார். கம்பெனிக்காரன் ஒழுங்காகச் செய்து கொடுத்ததை மெனக்கெட்டுக் கெடுத்துக்கொண்டவர்கள் அத்தனை பேரும் அங்கே வரிசையில் நிற்பார்கள். எல்லாருக்கும் ஒரே வியாதி. மெதுவாகப் போனால் வண்டி சாதுவாக இருக்கும். ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தால் உதறும்.

அதற்கு வைத்தியம் பார்க்கிற மகான்தான் நாடி மாஸ்டர்.

வெள்ளை அங்கி, வெள்ளைக் கையுறை, காதில் ஸ்டெதாஸ்கோப். மனிதனுக்கு வைத்தியம் பார்க்கப் படிப்பு வேண்டும். இரும்புக்குப் பார்க்க வேஷம் போதும். பானெட்மேல் மூன்று விரலை வைப்பார். கண்ணை மூடுவார். கூட்டம் மூச்சை அடக்கும்.

"வண்டிக்கு உங்க மேல கோவம்."

"ஆமாங்க ஐயா, போன மாசம் திட்டிட்டேன்" என்று தலை நரைத்த ஒருவர் கண்ணைத் துடைப்பார். நகைக்கடை முதலாளி. பெற்ற பிள்ளையைத் திட்டியதற்கு அவர் அழுததாகத் தெரியவில்லை.

பிறகு மாஸ்டர் சாவியை வாங்கி, வண்டியைத் தன் கிடங்குக்குள் கொண்டுபோய்க் கதவை அடைப்பார். சொந்தக்காரர் பக்கத்து அறையில் கண்ணை மூடி உட்கார்ந்து, மனசுக்குள் வண்டியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வண்டி வெளியே வரும்போது பானெட்டுக்குள் ஒரு செம்பு வளையம் தொங்கும். ஓட்டிப் பார்த்தால் உதறல் போன இடம் தெரியாது.

"வேகம் குறைஞ்ச மாதிரி இருக்கே ஐயா?" என்று எவனாவது இழுத்தால் அதற்கும் பதில் தயார்.

"குறையலை. வண்டி அமைதியாயிடுச்சு. அமைதி வந்தா வேகம் தெரியாது."

கைதட்டினார்கள் ஐயா! பறப்பதற்குப் பணத்தைக் கொட்டியவன், தவழ்வதற்கு மறுபடி கொட்டிவிட்டுக் கைதட்டுகிறான்.

அப்படித் தட்டியவர்களில் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற இன்ஜினியர் ஒருவர். ஒரு தூண் அரை விரல் நகர்ந்தால் மேஸ்திரியைக் கேள்வியால் துளைத்தெடுப்பார். மாஸ்டரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

ஒருநாள் அந்தம்மாவின் தாய்வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவள்தான் ஓட்டினாள். பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த லாரியை முந்த, வலப்பக்கம் ஏறி மிதித்தாள். எதிரே பஸ்.

"ஏங்க, வண்டி இழுக்க மாட்டேங்குது!"

"பதறாதம்மா. அது அமைதியா இருக்கு."

"எதிர்ல வர்ற பஸ் அமைதியா இல்லீங்க!"

பிரேக்கை அழுத்தி, லாரிக்குப் பின்னால் செருகினாள். பஸ் உரசாத குறையாகப் போயிற்று. மகள் புரண்டு படுத்தாள், அவ்வளவுதான். ஓரமாக நிறுத்தினாள். மிதித்தபோது கால் பாதியிலேயே எதிலோ இடித்தது நினைவுக்கு வர, குனிந்து கால்விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்ததை மூடி வைத்தாள்.

"என்ன தேடற?"

"கம்மல் விழுந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை நானும் உங்க மாஸ்டரைப் பார்க்க வர்றேன்."

இன்ஜினியர் பூரித்துப்போனார். அங்கேயே காட்டியிருக்கலாமே என்பீர்கள். காட்டினால் அதற்கும் மாஸ்டரிடம் போய் ஒரு விளக்கம் வாங்கி வருகிற ஆள் அவர். தாய்வீட்டுக்குப் போய்த் திரும்பும்வரை எதையும் முந்தாமல் ஊர்ந்தே ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை. இன்ஜினியர் கூட்டத்தின் நடுவே நின்று தன் வண்டி குணமான கதையைச் சொல்லி முடித்தார். மனைவி முன்னால் வந்தாள்.

"மாஸ்டர், வளையத்தைக் கழட்டினா திரும்ப உதறணும் இல்லையா?"

மாஸ்டர் லேசுப்பட்டவரா? "கழட்டினாலும் சக்தி ஒரு வருஷம் நிக்கும்மா." கைதட்டல்.

"அப்ப வளையம் இருக்கிறவரைக்கும் உதறாது?"

"என் மேல ஆணையா உதறாது!"

"நல்லது. வளையத்தை நான் தொடலை. எங்க கூடத்துல ஒரு தடவைக்கு ஒண்ணைத்தான் மாத்திப் பார்ப்போம்." கார்க் கதவைத் திறந்து குனிந்தாள். ஆக்சிலேட்டருக்கு அடியில் ஒட்டியிருந்த ரப்பர்க் கட்டையைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினாள். "இதை மட்டும் எடுத்துட்டேன். ஏங்க, ஓட்டுங்க. மாஸ்டர், நீங்களும் ஏறுங்க."

"எனக்கு இப்ப தியான நேரம்..."

"வளையம் பார்த்துக்கும், ஏறுங்க ஐயா!" என்றது கூட்டம். பக்தியில்தான் சொன்னார்கள், பாவம்.

கிடங்குகளுக்குப் பின்னால் ஆளில்லாத நீண்ட சாலை. இன்ஜினியர் கடைசிவரை மிதித்தார். கார் குளிர் ஜுரம் கண்டவன் மாதிரி உதறியது. திரும்பி வந்து இறங்கியபோது மாஸ்டரின் ஸ்டெதாஸ்கோப் காதை விட்டு மூக்கில் தொங்கியது. வளையம் மட்டும் வைத்த இடத்தில் அமைதியாக இருந்தது.

"நோயாளியைக் கட்டில்ல கட்டிப்போட்டுட்டு, நடக்கும்போது வலிக்கலையேன்னு கேட்கிற வைத்தியம் இது" என்றாள் அவள்.

அப்புறம் பார்த்தேனே ஒரு காட்சி! வரிசையாக விலை உயர்ந்த கார்கள். ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் ஒரு பெரிய மனிதரின் பின்பக்கம். தலை உள்ளே கட்டையைத் தேடுகிறது. மாஸ்டர் கை வைத்த எல்லா வண்டியிலும் இருந்தது. அந்தச் சந்தடியில் மாஸ்டர் பின்வாசல் வழியாக நழுவினார். அவர் ஏறிப்போன கார் கம்பெனியில் வந்தது வந்தபடி, ஒரு திருகாணிகூட மாற்றாதது.

மறுநாள் இன்ஜினியர் சாதாரண ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்துக்குப் போகிற தண்டைக் கையால் ஆட்டினார்கள். மூட்டு லொடலொடவென்று ஆடியது.

"வண்டியைத் தாழ்த்தினதுல தண்டு கோணலாயிடுச்சு சார். இன்ஜின் பலத்தையும் ஏத்தியிருக்கீங்க. ஓங்கி மிதிச்சா அத்தனையும் இந்த மூட்டுலதான் இறங்கும். தேஞ்சுபோச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஓட்டத்துலயே கழண்டிருக்கும்."

மூட்டை மாற்றி, வண்டியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். உதறல் நின்றது. வண்டியும் ஓடியது. யாரும் கைதட்டவில்லை.

அடுத்த ஞாயிறு, பூட்டிய கிடங்கின் முன்னால் நகைக்கடை முதலாளி நின்றிருந்தார்.

"ஐயா எப்ப வருவாரு? அந்த ரப்பர்க் கட்டையைப் பிடுங்கினதுல இருந்து வண்டி உதறுது. புதுசா ஒண்ணு வைக்கணும்."

மிதிக்கு அடியில் இருந்ததைக் குனிந்து பிடுங்கிவிட்டீர்கள், சரி. மூளைக்கு அடியில் இருக்கும் கட்டையை உங்களைத் தவிர வேறு எவன் வந்து பிடுங்குவான்?