குழந்தை இயேசுவின் தலையும் கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளும்

கீச். கொஞ்சம் நிசப்தம். மறுபடி கீச். பிறகு ஒரு சளக்.

டெர்வ்லா இருட்டில் உட்கார்ந்து குழந்தை நெஸ்ஸாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை. மழைச் சத்தத்துக்கெல்லாம் அவள் பயப்படுகிறவள் இல்லை. அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் பிறந்தவளுக்கு மழை நின்றால்தான் தூக்கம் கலையும். ஆனால் இது மழை இல்லை. ஈரமான ஏதோ ஒன்று, கனமானது, இரண்டு காலில் நடப்பது, அவள் வீட்டுக் கொல்லையில் போய்க்கொண்டிருந்தது.

கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் கணவன் ஃபின்டன் வைத்திருந்தது ஹார்டுவேர் கடை. சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளே அவன் விற்ற தாழ்ப்பாள்தான் பதில் சொல்லும். சொந்த வீட்டுக்கு மட்டும் "நாளைக்குப் போடறேன்." நெஸ்ஸா பிறந்த வாரம் சொன்னது. நெஸ்ஸாவுக்குப் பல் முளைத்துவிட்டது. நாளைதான் இன்னும் முளைக்கவில்லை.

"இந்தக் காட்டுக்குள்ளே எவன் வரப்போறான்? அப்படியே திருடன் வந்தாலும் ஒரு டீ போட்டுக் குடு. பேச்சுத்துணைக்கு ஆளில்லாம வந்திருப்பான்" என்பான். குழந்தை பிறப்பதற்கு முன்னால் டெர்வ்லாவும் இதற்குச் சிரித்தவள்தான். பிறந்த பிறகு ஒவ்வொரு சத்தத்துக்கும் கால் முளைத்துவிட்டது.

பக்கத்துப் படுக்கையைத் தடவிப் பார்த்தாள். ஃபின்டன் இல்லை. ஐயோ, அவனை முதலில் தீர்த்துவிட்டார்கள்!

நெஸ்ஸாவைத் தொட்டிலில் கிடத்தினாள். ஒரு கையில் மாதா உருவத்தில் இருந்த தீர்த்த பாட்டில். இன்னொரு கையில் அடுப்புக் கிளறும் இரும்புக் கம்பி. ஆவியாக இருந்தால் அது, ஆளாக இருந்தால் இது. கான்வென்டில் படித்தவள், இரண்டு உலகத்துக்கும் தயாராக இருக்கப் பழகியவள். ஜன்னல் திரையை விரலளவு விலக்கினாள்.

கரேலென்று பளபளத்த ஒன்று வேலியோரம் குனிந்திருந்தது. ஏரியிலிருந்து தப்பி வந்த கடல்நாய் மாதிரி. அது வேலியடியில் கைவிட்டு எதையோ எடுத்து, மார்போடு அணைத்து, சுற்றுமுற்றும் பார்த்துத் திரும்பியது. பக்கத்து வீட்டு வாசல் விளக்கில் முகம் தெரிந்தது.

ஃபின்டன். நீச்சலுக்காக வாங்கிய ரப்பர் உடையில். கையில் குழந்தை இயேசு சிலை.

டெர்வ்லா சத்தமில்லாமல் படுக்கைக்குத் திரும்பினாள். அவனும் வந்தான். குளியலறையில் அந்த உடையை உரிக்க அவன் பட்ட பாட்டில் ஒரு மாடு கன்று போட்டிருக்கும். பிறகு மீன் மாதிரி சில்லென்று பக்கத்தில் படுத்து, உடனே குறட்டை விட்டான். உண்மையான குறட்டை அவ்வளவு இனிமையாக ஒருநாளும் வந்ததில்லை.

எல்லாம் நெஸ்ஸாவின் ஞானஸ்நான விருந்தில் ஆரம்பித்தது. மூன்றாவது கோப்பை பியருக்குப் பிறகு ஃபின்டன் எழுந்து நின்று, செப்டம்பரில் ஊர் ஏரியில் நடக்கும் டிரையத்லானில் கலந்துகொள்ளப் போவதாகச் சபையில் அறிவித்தான். முதலில் ஏரியில் நீச்சல், அப்புறம் சைக்கிள், அப்புறம் ஓட்டம். "மூணும் ஒரே மூச்சிலே!" ஊரே கைதட்டியது. அதற்குப் பிறகு பயிற்சி தீவிரமாக நடந்தது, கடைகளில். ரப்பர் உடை வாங்கினான். மிதியில் மாட்டிக்கொள்ளும் சைக்கிள் செருப்பு வாங்கினான். இதயத் துடிப்பை எண்ணும் கைக்கடிகாரம் வாங்கினான். அது அவன் சோபாவில் படுத்திருக்கும்போது துடித்ததை விடாமல் எண்ணியது. தாழ்ப்பாள் பேச்சு எடுத்தால், "பயிற்சியிலே இருக்கேன் கண்ணு, போட்டி முடியட்டும்."

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்கு நீந்தத் தெரியாது.

டெர்வ்லாவுக்கு அது தெரியும். தேனிலவுக்குப் போன இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கையை மட்டும் வீசிய மனிதனை அவள் மறக்கவில்லை. "போகாதே" என்று சொன்னால் கட்டாயம் போவான். சொல்லாவிட்டாலும் போவான்.

அவன் நம்பியிருந்தது போட்டி விதிப்புத்தகத்தில் இருந்த ஒரு வரியை. காற்றும் அலையும் அதிகமாக இருந்தால் நீச்சல் கிடையாது. அதற்குப் பதில் கூட ஒரு சின்ன ஓட்டம். வானிலை அறிக்கை வேறு புயல் வருகிறது என்றது. மற்றவர்கள் ஜெபம் சொல்கிற முகத்தோடு ஃபின்டன் தினமும் டி.வி. முன்னால் உட்கார்ந்தான். இந்த நேரத்தில்தான் டெர்வ்லா குழந்தை இயேசு சிலையைக் கொண்டுபோய் வேலியடியில் வைத்தாள். அப்படி வைத்தால் மழை விலகும். அந்த ஊரில் எந்தக் கல்யாணப் பெண்ணும் அதை வைக்காமல் தூங்கியதில்லை. யாரும் நம்புவதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். யாரும் வைக்காமல் இருக்கவும் மாட்டார்கள்.

காலையில் சிலை வழக்கம்போல் கணப்புக்கு மேலே நின்றது. டெர்வ்லா கையைக் குவித்தாள்.

"ஃபின்டன்! இங்கே வா! அற்புதம் நடந்திருக்கு!"

"என்ன அற்புதம்?" அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.

"வேலியடியிலே வெச்ச சிலை தானா உள்ளே வந்து நிக்குது. நடந்து வந்திருக்கு!"

"சிலை எங்கேயாவது நடக்குமா?"

"தரையைப் பாரேன், காலடி. குழந்தை இயேசுவுக்குப் பதினோராம் நம்பர் கால் இருக்கும்னு கான்வென்டிலே சிஸ்டர் இம்மாகுலாட்டா எங்களுக்குச் சொல்லவே இல்லை."

ஃபின்டனின் காதுமடல் சிவந்தது. அவன் செருப்பு பதினொன்று.

"இப்பவே ஃபாதருக்குப் போன் பண்றேன். நாலு ஊர் ஜனம் பஸ் பிடிச்சு வரும். நம்ம கொல்லையிலே குகை மாதிரி ஒரு கெபி கட்டி இதை வெச்சுடலாம்."

"போனை வை! நான்தான் எடுத்துட்டு வந்தேன். மழையிலே நனையுதேன்னு... மனசு கேக்கலை."

"அட, என் தங்கமே! உனக்கு எவ்வளவு இளகின மனசு! இன்னிக்கு ஒரு குடையும் சேர்த்து வெச்சுடறேன்."

வைத்தாள். நெஸ்ஸாவின் வண்டிக் குடை. வெயிலுக்காக வாங்கி, இன்னும் அந்த வேலையைச் செய்ய வாய்க்காத குடை.

வேலிக்கு அந்தப் பக்கம் மிஸஸ் ஹன்ராட்டி. பெயர் கன்செப்டா, ஊரில் தபால் அலுவலகத்தை ஆண்டு ஓய்வு பெற்றவர். கோடை, குளிர் பார்க்காமல் தினமும் காலையில் பூப்போட்ட தொப்பி மாட்டி ஏரியில் இறங்கி அக்கரை தொட்டுத் திரும்புகிறவர்.

"சொல்லிட்டானா பொண்ணே?"

"இல்லை. சிலையைத்தான் திருடறான். நீங்க ஒருவாட்டி சொல்லிப் பாருங்களேன்."

"நான் சொன்னா வீம்புக்குக் குதிப்பான். எங்க வீட்டுக்காரரை 'கூரைமேலே ஏறாதீங்க'ன்னேன். ஏறினார். இறக்கறதுக்குத் தீயணைப்பு வண்டி வந்துது. அவன் வாயாலே வரட்டும். நாம போட்ட திட்டம் போட்டபடி இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஃபின்டன் போட்டிக்குத் தயாராகிவிட்டான். அதாவது ரப்பர் உடைக்குள் நுழைந்துவிட்டான். கூரையில் மழை கொட்டியது. அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஆனாலும் சந்தேகத்துக்கு இடம் வைக்கலாமா? கீச், கீச் என்று கொல்லைக்குப் போனான்.

சளக். அப்புறம் ஒரு டொக்.

டெர்வ்லா சமையலறை விளக்கைப் போட்டுக் கெண்டியை அடுப்பில் வைத்தாள். கதவு திறந்தது. ஃபின்டன் நின்றான். ஒரு கையில் குழந்தை இயேசு, இன்னொரு கையில் அவருடைய தலை.

வெளியே, குழாயை மூடினாற்போல மழை நின்றது.

இருவரும் கூரையைப் பார்த்தார்கள். ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும்: தலை உடைந்த சிலைக்குத்தான் சக்தி அதிகம். ஒரே நிபந்தனை, தானாக உடைந்திருக்க வேண்டும்.

"தானா விழுந்துதா ஃபின்டன்?" டெர்வ்லா குரல் நடுங்கக் கேட்டாள். "தானா விழுந்திருந்தா இன்னிக்கு வெயில் பொளக்கும். ஏரி கண்ணாடி மாதிரி இருக்கும்."

"தானாவா? இல்லவே இல்லை! நான்தான் உடைச்சேன். வேணும்னே உடைச்சேன்!"

"வேணும்னேவா? குழந்தை இயேசு தலையையா?"

"ஆமா!"

டெர்வ்லா மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை. பூசைக்கு முன்னாடி. சாமி தலையை வேணும்னே உடைச்சுட்டு, நீ இன்னிக்கு அவ்வளவு ஆழமான தண்ணியிலே இறங்கப் போறே. சரி, உன் தைரியம்."

ஃபின்டன் கையிலிருந்த தலையைப் பார்த்தான். தலை அவனைப் பார்த்தது. தானாக உடைந்தது என்றால் ஏரி நிச்சயம். வேண்டுமென்றே என்றால் ஏரியின் அடி நிச்சயம்.

"தானாத்தான் விழுந்துது," என்றான் ஈனசுரத்தில். "வழுக்கிடுச்சு."

சொல்லி வாய் மூடவில்லை, கிழக்கு ஜன்னலில் ஒரு மஞ்சள் கீற்று விழுந்தது.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். ரப்பர் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது.

"டெர்வ்லா... எனக்கு நீந்தத் தெரியாது."

அவள் கெண்டியை இறக்கினாள். எத்தனையோ ராத்திரி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஏரியை நினைத்து உட்கார்ந்திருந்தவள் அவள். அவன் தலைமுடியை ஒரு தரம் கலைத்துவிட்டு, டீயை அவன் முன்னால் வைத்தாள்.

"தெரியும்ப்பா. போன மாசமே உன் பேரை மூணு பேர் அணியிலே மாத்திட்டேன். நீச்சல் மிஸஸ் ஹன்ராட்டி. சைக்கிள் நீ. ஓட்டம் நான்."

"மாத்திட்டியா? அப்போ எதுக்கு இந்தச் சிலை, குடை, எல்லாம்?"

"அந்த வயசுலே அவங்களை அலையிலே இறக்கச் சொல்றியா? அவங்களுக்காகத்தான் வெச்சேன். நீ ஏன் அதைத் தூக்கித் தூக்கிட்டு வர்றேன்னு நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்."

ஃபின்டன் டீயைக் குடித்தான். ஒன்றுதான் கேட்டான். "அணிக்கு என்ன பேர் குடுத்தே?"

"ஏதோ குடுத்தேன். அங்கே வந்து கேட்டுக்கோ."

ஏரி கண்ணாடி மாதிரியே இருந்தது. மிஸஸ் ஹன்ராட்டி பூத்தொப்பியோடு இறங்கி, வாலிபர்கள் நாலு பேரை நுரையில் விட்டுவிட்டு, மூச்சு வாங்காமல் கரையேறினார். நேரம் கணிக்கும் கணுக்கால் பட்டையைக் கழற்றி ஃபின்டன் காலில் மாட்டினார். "போ தம்பி. தண்ணி நல்லா இருந்துது, நீ பார்த்திருக்கலாம்."

அப்போதுதான் ஒலிபெருக்கி முழங்கியது. "அடுத்து சைக்கிளுக்குக் கிளம்புவது, 'நாளைக்குப் போடறேன்' அணி!"

கரை முழுக்க ஃபின்டனின் வாடிக்கையாளர்கள். "என்னப்பா ஃபின்டன், என்ன போடப் போறே?" என்று ஒருவர் கத்தினார். மிஸஸ் ஹன்ராட்டி துவட்டிக்கொண்டே எல்லோருக்கும் தாழ்ப்பாள் கதையை விவரமாகச் சொன்னார். தபால் அலுவலகத்தில் இருந்தவர். செய்தி ஒன்றுகூடத் தவறாமல் போய்ச் சேர்ந்தது.

அவன் மிதித்தான். கூடை வைத்த சைக்கிளில் வந்த ஒரு டீச்சரம்மா அவனுக்குக் காலை வணக்கம் சொல்லித் தாண்டிப் போனார். முதல் திருப்பத்தில் நிற்கப் பார்த்தபோது செருப்பு மிதியை விடவில்லை. சைக்கிளோடு சேர்ந்து முட்செடி வேலிக்குள் போய்விட்டு வந்தான். தெருவோரம் ஒவ்வொரு வாசலிலும் ஒரு குரல்: "போட்டியா? போட்டுட்டியா?" ஒரு கிழவர் தன் வீட்டுத் தாழ்ப்பாளை இழுத்து இழுத்துக் காட்டினார்.

நெஸ்ஸாவை மிஸஸ் ஹன்ராட்டியின் மடியில் விட்டுவிட்டு டெர்வ்லா ஓடினாள். ராத்திரி ராத்திரி அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டை அளந்தவளுக்கு, கையில் குழந்தை இல்லாமல் ஓடுவது பறப்பது போல இருந்தது. கடைசிக்கு முந்திய இடம். ஒலிபெருக்கி அணியின் பெயரை மறுபடியும் சொன்னது. இந்தத் தடவை ஊரே சேர்ந்து சொன்னது.

அன்று சாயங்காலம் ஃபின்டன் கடையைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய தாழ்ப்பாளை எடுத்து வந்தான். துளை போட்டான், திருகு முடுக்கினான், எண்ணெய் விட்டான். கை வேலைக்காரன், கச்சிதமாக உட்கார்ந்தது.

"வெளியே போய் நல்லாத் தள்ளிப் பாரு. பிடிக்குதான்னு தெரியணுமில்லே?" என்றாள் டெர்வ்லா.

போனான். கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் சர்ரென்று ஓடி நின்றது. எண்ணெய் போட்டதால் எவ்வளவு அழகான சத்தம்! தோளால் தள்ளினான். காலால் உதைத்தான். அசையவில்லை. அவனுக்கே பெருமையாக இருந்தது.

"பார்த்தியா? யானை வந்தாலும் திறக்காது!"

"இன்னிக்குத்தான் பயமில்லாம தூங்குவேன் ஃபின்டன்," என்றது உள்ளேயிருந்து கொட்டாவி.

வேலியடியில், குடைக்குக் கீழே, தலையில்லாத குழந்தை இயேசு நின்றிருந்தார். வானம் இருண்டுகொண்டு வந்தது. முதல் சொட்டு ஃபின்டனின் மூக்கில் விழுந்தது.

"சரி கண்ணு, திற."

"நாளைக்குத் திறக்கறேன்."