எர்த் நலம்

பேட்டைத் தொழிற்பேட்டைக்கு விமோசனம் வந்துவிட்டது. பெயர் கரண்டுச் சாமி!

மெஷினைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா? எலக்ட்ரீசியன் வேண்டாம், வயரை மாற்ற வேண்டாம், சுவரை உடைக்க வேண்டாம். சாமிக்கு ஒரு போன் போட்டால் போதும். வருவார். மெஷினுக்குள் குடியிருக்கும் தோஷத்தைக் கண்டுபிடிப்பார். முக்கால் மணி நேரத்தில் அதை விரட்டிவிட்டு, வாசலில் ஒரு செப்புத் தகட்டை மாட்டிவிட்டு, அடுத்த பட்டறைக்குக் கிளம்பிவிடுவார். ஐப்பசி மழை பிடித்த மூன்றாவது வாரத்துக்குள் இருபத்தொன்பது பட்டறைகளில் தகடு தொங்கியது. தகடு இல்லாத பட்டறைக்காரன் டீக்கடையில் தலைநிமிர்ந்து நிற்க முடியவில்லை. "என்னவே, இன்னும் சாமியைக் கூப்பிடலையா?" என்று கேட்டே மானத்தை வாங்கினார்கள்.

ஒன்றைப் பாராட்டியே ஆகவேண்டும். சாமி மதபேதம் பார்க்காதவர். அவர் வண்டியில் மூன்று கேன் தண்ணீர் இருக்கும். இந்து முதலாளிக்குக் குறுக்குத்துறை ஆற்றுத் தீர்த்தம், கிறிஸ்தவ முதலாளிக்கு மாதா கெபித் தண்ணீர், முஸ்லிம் முதலாளிக்கு ஓதிய தண்ணீர். மூன்றும் பஸ் ஸ்டாப் குழாயில் பிடித்தவை. சமத்துவம் என்றால் இதுவல்லவா சமத்துவம்!

இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்த ஒரே அறிவாளி பாக்கியசீலன். படகுகளுக்குப் பித்தளை உதிரிகள் செய்கிற சிலுவைமுத்து அண்ணாச்சியின் பட்டறையில் சூப்பர்வைசர். பாளையங்கோட்டைக்காரர், பி.காம். பூனை குறுக்கே போனால் வேண்டுமென்றே அதே வழியில் போவார். புதுச் சட்டையை ராகுகாலம் பார்த்துத்தான் போடுவார், ராகுவைக் கடுப்பேற்ற. "மூளையைக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வருதானுவ வே" என்று டீக்கடையில் ஊரையே திட்டுவார்.

அப்படித் திட்டும்போது அவர் சட்டைப்பையில் ஒரு டெஸ்டர் எட்டிப் பார்க்கும். கரண்டு இருக்கிறதா என்று பார்க்கும் அந்தச் சின்னத் திருப்புளியை அவர் இரண்டு வருடமாகக் காது குடையத்தான் பயன்படுத்தி வந்தார்.

டெஸ்டர் அவர் பைக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். உதிரி வாங்குகிற பெரிய கம்பெனி ஒன்று கட்டளை போட்டது: ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா மெஷினிலும் மின்சோதனை நடக்க வேண்டும். தகுதியான ஒருவர் சோதித்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அண்ணாச்சி பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஏலே பாக்கியம், உன் எழுத்து முத்து முத்தா இருக்கு. நீயே அந்தத் தகுதியான ஆளா இருந்துக்க."

"எனக்குக் கரண்டைப் பத்தி ஒண்ணும் தெரியாதே அண்ணாச்சி."

"தெரிஞ்சவன் எழுத்து கோழி கிண்டுன மாரி இருக்குலே. கம்பெனிக்காரன் படிக்கணும்லா?"

தகுதி இப்படித்தான் பிறந்தது. ஒரு மீட்டரும் வாங்கினார்கள். அது பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பீரோவில் பத்திரமாக இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாக்கியசீலன் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, மெஷின் மெஷினாக எழுதுவார்: 'எர்த் நலம்.' கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் வயர் சுகமாக இருக்கிறதாம். ஊருக்குக் கடிதம் எழுதுகிறவர் மாதிரி, நலம் விசாரிக்காமலே நலம். பிறகு மெஷினில் ஒரு பச்சை ஸ்டிக்கர். இப்படி நாலு தடவை ஆயிற்று. பூனையை நம்பாத மனிதர் ஸ்டிக்கரை நம்பினார்.

பாலீஷ் மெஷினில் வேலை செய்கிற டெபோராதான் முதலில் வந்து சொன்னாள்.

"அண்ணே, மெஷினு சுருக்குனு கடிக்கி."

"செருப்பு போட்டுக்கிட்டு வேலை பாரு தாயி."

"போட்டுத்தாண்ணே இருக்கேன். மழை பெஞ்சதுலருந்து தரை எல்லாம் ஈரம். நேத்து கையைத் தூக்கி எறிஞ்சிட்டு. சுவிட்சே போடல. ஓடாம நிக்கிற மெஷினு எப்படிண்ணே கடிக்கும்? வீட்டுல ரெண்டு பிள்ளைய வச்சிருக்கேன், பயமா இருக்கு."

பாக்கியசீலன் நோட்டை எடுத்து விரித்தார். "இங்கன பாரு. எர்த் நலம். போன மாசம்தானே எழுதுனேன்?"

டெபோரா படித்துப் பார்த்தாள். நோட்டு நலம் என்கிறது. மெஷினும் ஓடவில்லை. ஆனாலும் கடிக்கிறது. அவள் முட்டாளில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தாள். "அப்போ இது பேயிதாண்ணே."

அண்ணாச்சிக்கும் அந்தக் கணக்கு சரியாகப் பட்டது. சாமிக்குப் போன் போட்டார். அந்த நேரத்தில் பாக்கியசீலன் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்: நான் சோதிக்கவே இல்லை அண்ணாச்சி. தொண்டை வரைக்கும் வந்தது. அப்புறம் வேலை போய்விடுமே என்ற நினைப்பும் வந்தது. "சரி, நம்பிக்கைதானே, வந்துட்டுப் போகட்டும்" என்றார் நம் அறிவாளி. பகுத்தறிவுக்கு அன்றைக்கு லீவு.

வியாழக்கிழமை காலை சாமி வந்தார். பக்கத்துப் பட்டறைக் கூட்டமும் வந்தது. வேண்டாத நேரத்தில் ஸமீஹாவும் வந்தாள். மேலப்பாளையத்துப் பெண், வயர்மேன் லைசென்ஸ் வைத்திருப்பவள். புது ஆர்டர் கொடுக்கும் முன்னால் சோதனை நோட்டைப் பார்த்துவரச் சொல்லி அந்தப் பெரிய கம்பெனி அனுப்பியிருந்தது. பாக்கியசீலன் நாற்காலி போட்டு, நோட்டை நீட்டினார்.

"எழுத்து அழகா இருக்கு சார்" என்றாள்.

அவருக்கு உச்சி குளிர்ந்தது.

"எர்த் நலம்னு மட்டும் இருக்கு. எந்த மீட்டர்ல பாத்தீங்க? அளவு எவ்வளவு வந்துச்சு?"

"அது... நல்லாத்தான் வந்துச்சு."

"நல்லான்னா எவ்வளவு சார்?"

நல்லவேளை, அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. இருவரும் எழுந்து போனார்கள்.

சாமி பாலீஷ் மெஷின் முன்னால் நின்றார். டெஸ்டரை எடுத்து மெஷின் உடம்பில் வைத்தார். உள்ளே சிவப்பு வெளிச்சம் பளிச்சென்றது. "பாத்துக்கிடுங்க மக்களே! உள்ள இருக்கவன் கண்ணைத் தொறந்துட்டான்!" கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. சாமி மந்திரம் சொன்னார். எந்த மொழி என்று மொழிக்கே தெரியாது. அண்ணாச்சி வீட்டு வழக்கத்துக்காகக் கடைசியில் ஓர் ஆமென் சேர்த்துக்கொண்டார். மாதா கெபித் தண்ணீரை மெஷினைச் சுற்றித் தரையில் ஒரு கேன் முழுக்க ஊற்றினார். மறுபடி டெஸ்டரை வைத்தார். வெளிச்சம் இல்லை!

என்ன ஒரு கைதட்டல்! அண்ணாச்சி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இப்போ அந்தத் தாயி வரட்டும். செருப்பைக் கழட்டு. தோஷம் போன எடத்துல வெறுங்காலோட நின்னு, ரெண்டு கையாலயும் தொடணும்."

டெபோரா செருப்பைக் கழற்றினாள். ஈரத்தில் இறங்கி நின்றாள். கையை நீட்டுவதற்கு முன் பாக்கியசீலனைத் திரும்பிப் பார்த்தாள்.

"தொடவாண்ணே? நீங்க நலம்னுதானே எழுதியிருக்கீங்க?"

தொடாதே என்று ஒரு சொல். அதைச் சொன்னால் நோட்டு பொய்யாகிவிடும், நோட்டு பொய்யானால் வேலை போய்விடும். ஒரு பக்கம் ஒரு பெண்ணின் உயிர், இன்னொரு பக்கம் ஒரு நாற்காலி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பாக்கியசீலனின் தராசு உடனே அவள் பக்கம் சாயவில்லை.

"தொடாதீங்கக்கா!" ஸமீஹா பாய்ந்து டெபோராவின் தோளைப் பிடித்துக் காய்ந்த பக்கமாக இழுத்தாள். இழுத்த இழுப்பில் இருவரும் விழப் பார்த்தார்கள்.

"சாமி, அந்த டெஸ்டரைக் குடுங்க."

சாமி கொடுக்கவில்லை. ஸமீஹா பாக்கியசீலனின் பையிலிருந்ததை உருவினாள். முனையைப் பார்த்து முகம் சுளித்து, துணியில் துடைத்துக்கொண்டாள். ஒரு காய்ந்த பலகையைப் போட்டு ஏறி நின்றாள்.

"எல்லாரும் என் விரலை மட்டும் பாருங்க." டெஸ்டரின் தலையில் விரலை வைத்தாள். சிவப்பு எரிந்தது. விரலை எடுத்தாள், அணைந்தது. வைத்தாள், எரிந்தது. "மேல விரல் பட்டாத்தான் இது எரியும். சாமி மந்திரத்துக்கு முன்னாடி விரலை வச்சாரு. பின்னாடி எடுத்துட்டாரு. அவ்வளவுதான். மெஷின்ல கரண்டு அப்பவும் இருந்துச்சு, இப்பவும் இருக்கு."

கூட்டத்தில் யாரோ ஒருவன் கெக்கலித்துச் சிரித்தான். தன் பட்டறையில் தகடு தொங்குவது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"பொம்பளை கை பட்டதும் தோஷம் திரும்பிட்டு!" என்று கத்தினார் சாமி.

"அப்போ உங்க விரலை வச்சுக் காட்டுங்களேன்" என்று சொல்லிவிட்டு ஸமீஹா மெஷினுக்குப் பின்னால் இருந்த சுவிட்சுப் பெட்டிப் பக்கம் போனாள்.

சாமி விரலை வைக்கவில்லை. சட்டென்று பாக்கியசீலனைக் காட்டினார். "என்னை மட்டும் ஏன் சொல்லுதிய? நான் எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதல்ல நோட்டைத்தான் கேப்பேன். எர்த் நலம்னு எழுதியிருந்தாத்தான் பூசையே! எர்த்து நல்லா இருக்கு, ஆனாலும் ஷாக் அடிக்குன்னா அது தோஷம்தானே? இருபத்தொம்பது எடத்துலயும் நலம்னுதான் எழுதி வச்சிருக்கானுவ. இவரை மாரி ஆளுக எழுதலைன்னா எனக்கு ஏது வே பொழப்பு?"

மொத்தக் கூட்டமும் பாக்கியசீலனைப் பார்த்தது. சாமி அந்த ஊரில் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதுவும் இவர் தலையிலா விடிய வேண்டும்!

ஸமீஹா திரும்பி வந்தாள். "சரி. நலம்னு எழுதுனவரும் நலமாக்குனவரும் இங்கனதான் இருக்கீங்க. ஆளுக்கொரு கை வச்சு மெஷினைத் தொடுங்க."

சாமியின் கை துண்டுக்குள் போய் ஒளிந்தது. பாக்கியசீலன் கையை நீட்டினார். மானம் நீட்டச் சொன்னது. பாதி தூரம் போனதும் வீட்டில் மனைவி சாலோமி மீன் குழம்பு வைத்திருப்பாளே என்று தோன்றியது. கை தானாகத் திரும்பி வந்தது. இரண்டு வருடத்தில் அவர் செய்த முதல் சோதனை அது. முடிவு: நலமில்லை.

"பயப்படாதீங்க. மெஷினோட ஃபியூஸைப் பிடுங்கி என் பையில போட்டுட்டேன். தொடுங்கன்னு சொன்னப்ப இதுல கரண்டே இல்ல. இருக்கா இல்லையான்னு பாக்கணும்னு ரெண்டு பேருக்குமே தோணலையே!"

பீரோ மீட்டருக்கு அன்றைக்குத்தான் உறை பிரிந்தது. அதை வைத்துக் கரண்டு இல்லை என்பதை உறுதி செய்துகொண்டாள். பிறகு பையிலிருந்து பேட்டரி, டார்ச் பல்பு, நீள வயர் எடுத்தாள். ஒரு முனையைப் பக்கத்துத் துளைபோடும் மெஷினிலும், மறுமுனையை வெளியே எர்த் குழியில் இருந்த குழாயிலும் வைத்தாள். பல்பு எரிந்தது, எர்த் இருக்கிறது. பாலீஷ் மெஷினில் வைத்தாள். எரியவில்லை.

அந்த மெஷினின் எர்த் வயரைத் தொடர்ந்துகொண்டே போனார்கள். போன வருடம் தரையை உடைத்துச் சிமெண்டு போட்ட இடத்தில் எர்த் வயர் துண்டாகி நின்றது. கொத்தனார் வெட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த மெஷினுக்கு இரண்டு தடவை 'நலம்' எழுதப்பட்டிருக்கிறது. மெஷினுக்குள் நுழையும் இடத்தில் கரண்டு வயர் தோல் உரிந்து இரும்பில் உரசிக்கொண்டிருந்தது.

"எர்த் ஒழுங்கா இருந்தா வயர் உரசுன அன்னைக்கே ஃபியூஸ் போயிருக்கும்" என்றாள் ஸமீஹா. "போகல. இன்னைக்கு அக்கா தொட்டிருந்தா..."

சாமி பைய வாசலுக்கு நழுவினார். அங்கே முதலாளிகள் கேட்டை மூடிக்கொண்டு நின்றார்கள். அன்று மத்தியானம் கொட்டுகிற மழையில், இருபத்தொன்பது தகட்டையும் அவர் கையாலேயே கழற்ற வைத்தார்கள்.

டெபோரா செருப்பைப் போட்டுக்கொண்டு பாக்கியசீலன் முன்னால் வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அவன் எவனோ ஒருத்தன்ணே. இன்னைக்கு வந்தான், போனான். நீங்க ரெண்டு வருசமா எனக்கு எதிர்த்தாப்புல உக்காந்து டீ குடிச்சவரு."

"நான் ஒரு தடவகூட பாக்கலை தாயி" என்றார். எல்லார் காதிலும் விழுந்தது. "ஒரு தடவகூட. எனக்குப் பாக்கவும் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டேன்."

"எங்கிட்ட சொன்னியேலே, முதல் நாளே" என்றார் அண்ணாச்சி. "நான்தாம்ல கேக்கல." அவர் தலை நிமிரவே இல்லை.

வயர் மாற்றி, லைசென்ஸ் உள்ளவர் சோதித்து, அளவை எழுதும் வரைக்கும் மெஷின் ஓடக்கூடாது என்று ஸமீஹா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். கோழி கிண்டின எழுத்துதான். அண்ணாச்சி கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

தகடுகள் போய்விட்டன. மற்றப் பட்டறைகளின் நோட்டுகளை மட்டும் இதுவரை யாரும் திறக்கவில்லை. நீங்கள் வேலை செய்யும் இடத்திலும் ஒரு நோட்டு இருக்கும். அதில் எல்லாமே நலமாகத்தான் இருக்கும். எழுதியவரைக் கூப்பிட்டு, "தொடுங்க பாப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். தொட விட்டுவிடாதீர்கள், பாவம். முகத்தைப் பார்த்தால் போதும். பார்த்த பிறகாவது யோசிப்பீர்களா, தோஷம் கழிக்க எலுமிச்சம்பழம் வாங்கக் கிளம்புவீர்களா?