கங்கு விழுமுன்னே விதை போடுகிறவர்

மனிதர்களில் நாற்றுக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. குளிர்கால முடிவில் தெருவில் போகும்போது கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். எந்த வீட்டுச் சன்னலில் திரைச்சீலையைப் பாதியில் தூக்கி முடிச்சுப் போட்டு, கண்ணாடிக்குப் பின்னால் தயிர் டப்பாக்களை வரிசை பிடித்து நிறுத்தியிருக்கிறதோ, அந்த வீட்டில் ஒருவர் இருக்கிறார். விவசாயியா? அதெல்லாம் இல்லை. விவசாயி நிலத்தைப் பார்த்து விதைப்பார். இவருக்கு இருக்கும் நிலம், அடுக்குமாடிக்குப் பின்னால், கார் நிறுத்துமிடத்துக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு ஆள் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொள்ளும் அளவு மண். அதை நம்பித்தான் எங்கள் எஸ்கிஷெஹிர் நகரம் முழுவதற்கும் தக்காளி போடுகிற மாதிரி விதைப்பார்.

எங்கள் பக்கத்துக் கணக்குப்படி குளிர் போக வேண்டுமானால் வானத்திலிருந்து மூன்று நெருப்புக் கங்குகள் விழ வேண்டும். பிப்ரவரி பிற்பகுதியில் முதல் கங்கு காற்றில் விழும், அடுத்த வாரம் ஒன்று தண்ணீரில், அதற்கடுத்த வாரம் ஒன்று மண்ணில். மண்ணில் விழுந்த பிறகுதான் விதைக்கு வேலை. இது எல்லோருக்கும் தெரியும். நாற்றுக்காரருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தேநீர்க்கடையில் உட்கார்ந்து, கங்கு மண்ணைத் தொடாமல் விதையைத் தொடுகிறவன் முட்டாள் என்று ஊருக்கே உபதேசம் செய்கிறவர் அவர்தான். உபதேசத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய், ஜனவரி மாதத்தில், வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும்போது, கதவைச் சாத்திக்கொண்டு விதைத்துவிடுவார். கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குள்ளேதான் ஹீட்டர் எரிகிறதே, கங்கு எங்கள் வீட்டில் எப்போதோ விழுந்துவிட்டது என்பார். பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

விதை எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? கடையிலிருந்தா? கடையில் விதை வாங்குவதைவிட அவர் சோற்றுக்குப் பதில் சுண்ணாம்பைத் தின்பார். நீங்கள் அவரை விருந்துக்கு அழைத்திருப்பீர்கள். உங்கள் மனைவி தக்காளியை நறுக்கி வைத்திருப்பாள். அவர் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, மென்று, மெல்லுவதைப் பாதியில் நிறுத்தி, இது எந்த ஊர்த் தக்காளி, யார் கொண்டு வந்தது, தோல் கனமா மெல்லிசா என்று குறுக்கு விசாரணை நடத்தி, கடைசியில் கைக்குட்டையை எடுத்து வாயருகே கொண்டு போவார். இருமுகிறார் என்று நீங்கள் தண்ணீர் எடுக்க ஓடுவீர்கள். அவர் விதையைத் துப்பிக்கொண்டிருப்பார்.

என் அக்கா நெர்மினுக்கு அமைந்த கணவர் இந்த ரகம். ஃபிக்ரெத் அத்தான். ரயில்வே பட்டறையில் இருந்தவரை ஒழுங்காகத்தான் இருந்தார். ஓய்வு பெற்ற அன்றைக்கு ஆரம்பித்தது. வீட்டில் வெயில் விழுவது வரவேற்பறையில் மட்டும்தான், எனவே வரவேற்பறை போயிற்று. சன்னலைத் திறக்கக் கூடாது, குளிர் அடிக்கும். திரையைப் போடக் கூடாது, வெளிச்சம் போய்விடும். சன்னலோரச் சோபாவில் உட்காரக் கூடாது, அதன் முதுகின் மேல் கத்தரி இருக்கிறது. காலையில் எழுந்ததும் டப்பாக்களை அரைச் சுற்றுத் திருப்பி வைத்து, முளைகளின் தலைமேல் உள்ளங்கையால் லேசாகத் தடவிவிடுவார். அது காற்றாம். காற்றில் ஆடினால்தான் தண்டு பலப்படுமாம். தன் தலையைக் கடைசியாக எப்போது தடவினார் என்று அக்காவுக்கு ஞாபகம் இல்லை. காபி குடித்தால் கோப்பையின் அடியில் தங்கும் கசடு முழுவதும் டப்பாவுக்குத்தான். அவர் வைத்தியத்தில் காபிக் கசடு கேட்காத வியாதியே கிடையாது.

இத்தனைக்கும் ஆகஸ்டில் என்ன கிடைக்கும்? ஒரு சாலட்.

ஏன் என்று எனக்குத் தெரியும். ஒரு டப்பாவில் பத்துப் பதினைந்து முளை வந்தால் இரண்டை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிக் கலைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் ஒன்றை ஒன்று நெருக்கி நோஞ்சானாகும். நாற்றுக்காரர்களில் இந்த இடத்தில்தான் இரண்டு கட்சி. பிடுங்குகிற கட்சி, பிடுங்காத கட்சி. பிடுங்குகிறவர்கள் மற்றவர்களைக் கோழைகள் என்பார்கள். பிடுங்காதவர்கள் மற்றவர்களைக் கொலைகாரர்கள் என்பார்கள். அத்தான் பிடுங்காத கட்சி. முளைத்து வந்ததை எப்படிப் பிடுங்குவது, கை வருமா என்று கண் கலங்கிவிடுவார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கலங்கும்.

இந்த வருஷம் மார்ச்சில், மூன்றாவது கங்கு விழுந்த வாரம், அவர்களுடைய ஒரே மகள் அய்சுனைப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் பெயர் துன்ஜாய். அய்சுனுக்குப் பிடித்த பையன். இரண்டு வருஷமாகப் பேசி, அழுது, அம்மாவைச் சம்மதிக்க வைத்து, அம்மா மூலமாக அப்பாவைப் பாதி சம்மதிக்க வைத்திருந்தாள். மீதிப் பாதிக்கு அத்தான் பதிலே சொல்லவில்லை. அந்தப் பேச்சு வந்தால் டப்பாவைத் திருப்பப் போய்விடுவார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தாக வேண்டும்.

டப்பாக்களை ஒருநாள் மட்டும் படுக்கையறைக்கு மாற்றுங்கள் என்று அக்கா ஒரு வாரம் கெஞ்சினாள். அங்கே வெயில் இல்லை என்றார். விருந்தாளிகள் கையில் தெளிக்கும் வாசனைத் தண்ணீரின் நெடி முளைக்கு ஆகாது என்று அதையும் நடைக்கு விரட்டினார். மாப்பிள்ளை வீட்டார் சாக்லேட் தட்டும் பூங்கொத்தும் கொண்டுவந்தார்கள். பூங்கொத்தை வாங்கியதும் அத்தான் தலைகீழாகப் பிடித்து அடியைப் பார்த்தார். வேர் இல்லை. மரியாதைக்கு நன்றி சொன்னார்.

இடமில்லாமல் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். துன்ஜாயின் அப்பா ஹில்மி பேவுக்கு வாய்த்தது சன்னலோர மூலை. பெயருக்குப் பின்னால் பே போட்டால் எங்கள் பக்கத்தில் ஐயா என்று அர்த்தம். முழங்கைக்குப் பக்கத்தில் தக்காளி டப்பா. அய்சுன் காபி கொண்டுவந்தாள். பெண் கேட்க வரும் நாளில் மாப்பிள்ளையின் கோப்பையில் மட்டும் பெண் உப்பைக் கொட்டுவது வழக்கம். முகம் சுளிக்காமல் குடித்துவிட்டால் பையன் எதையும் தாங்குவான் என்று அர்த்தம். துன்ஜாய் குடித்தான். கண்ணில் தண்ணீர் முட்டியது, காது சிவந்தது, வாயைத் திறக்கவில்லை. நல்ல பையன்.

பையனின் பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"ஆண்டவன் கட்டளைப்படியும் நபிகள் சொல்படியும் உங்க பொண்ணு அய்சுன..."

அந்த நேரம் பார்த்து ஹில்மி பேவின் கை தானாக டப்பாவுக்குள் போயிற்று. அவர் மனம் முழுவதும் அண்ணன் பேச்சில்தான் இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், நான் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஊருக்கு வெளியே நிஜமான தோட்டம் வைத்திருக்கிற மனிதர், நாற்பது வருஷப் பழக்கம், பிடுங்குகிற கட்சி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு நோஞ்சான் முளையைப் பிடித்து, நறுக்கென்று வேரோடு வெளியே எடுத்துவிட்டன.

அத்தான் பார்த்துவிட்டார்.

"என்ன செஞ்சீங்க?"

பெரியப்பா பாதியில் நின்றார். ஹில்மி பே தன் விரல்களைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்டாரா? கட்சிக்காரர் ஆயிற்றே.

"பிடுங்காம வச்சிருக்கீங்களே ஃபிக்ரெத் பே, ஒண்ணும் உருப்படாது. எப்ப விதைச்சீங்க? கங்கு விழுறதுக்கு முந்தியேவா?"

கேட்கக் கூடாத கேள்வி. அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரைவிரிப்பைப் பார்த்தேன். அத்தான் எழுந்து நின்று, தம் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு தம் பிள்ளைகளைப் பிடுங்குகிற குடும்பத்தில் என்ன நம்பிக்கையில் சம்பந்தம் வைப்பது என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். ஹில்மி பே கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். அவர் மனைவி கைப்பையைத் தேடினாள். சாக்லேட் தட்டை எடுத்துக்கொண்டு போவதா விட்டுப் போவதா என்று பெரியப்பா யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. இரண்டு வருஷ அழுகை ஒரு தக்காளி முளையில் முடியப்போகிறது.

அய்சுன் காபித் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். அவள் குரல் உயரவில்லை.

"அப்பா, டப்பாவுல இருந்து ஒண்ணு போனதுக்கே இப்படின்னா, என்னை எப்படிப்பா அனுப்புவீங்க?"

அத்தான் ஹில்மி பேவின் விரலிடுக்கிலிருந்து அந்த முளையைக் குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினார். வேர் அறுந்திருக்கவில்லை. உடனே எதிலாவது நட வேண்டும். கண்ணில் பட்ட முதல் கோப்பையை எடுத்தார். அடியில் கசடு நிறைய இருந்தது. விரலால் குழி பறித்து, முளையை உள்ளே இறக்கப் போனார்.

"வேணாம் மாமா! அது என் கோப்பை. உப்பு. செத்துரும்."

துன்ஜாய் பாதி எழுந்துவிட்டான். சொல்லிவிட்டுத்தான் வாயைப் பொத்தினான். அத்தனை உப்பையும் மூச்சு விடாமல் குடித்து, கௌரவமாகத் தாண்டி வந்தவன், கடைசியில் போட்டு உடைத்துவிட்டான். அவன் அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அத்தான் கசட்டில் தோய்ந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் அஷ்டகோணலாயிற்று. மகளை ஒரு தரம் பார்த்தார்.

"இதையா குடிச்ச?"

"ஆமா மாமா."

"குடிக்கும்போது வாயத் தெறக்கல."

"இல்ல மாமா."

அத்தான் அந்தக் கோப்பையை வைத்துவிட்டு, ஹில்மி பேவின் கோப்பையை எடுத்து, அதில் முளையை நட்டு, டப்பாவிலிருந்து கொஞ்சம் மண்ணும் போட்டு, விரலால் அழுத்திவிட்டார். அவசரமே படவில்லை. பிறகு பெரியப்பாவிடம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து சொல்ல வேண்டாம், முதலிலிருந்தே சொல்லுங்கள் என்றார். பெரியப்பா ஆண்டவன் கட்டளையிலிருந்து ஆரம்பித்து மூச்சு விடாமல் முடித்தார், இடையில் இன்னொரு கை எங்கேயாவது போய்விடுமோ என்ற பயம்.

"குடுத்தேன்" என்றார் அத்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஹில்மி பேவைப் பார்த்து, "ஆனா அவளப் பிடுங்கிட்டுப் போற மாதிரி போகாதீங்க. மண்ணோட எடுத்துட்டுப் போங்க" என்றார்.

மண்ணோடுதான் போனாள். மே மாதம் கல்யாணம் முடிந்து பெண்ணை அனுப்பியபோது காரின் பின் இருக்கை முழுவதும் தயிர் டப்பாக்கள். மணப்பெண் மடியில் இரண்டு. பிடுங்கிய அந்த ஒற்றை முளை இன்று ஹில்மி பேவின் தோட்டத்தில் என் தோள் உயரத்துக்கு நிற்கிறது. பிடுங்காமல் அந்த டப்பாவிலேயே விட்டவை அத்தனையும் நெருக்கத்தில் அழுகிப் போயின. இதை நான் சொன்னதாக அத்தானிடம் சொல்லிவிடாதீர்கள். சம்பந்திகள் இருவரும் இப்போது வாரா வாரம் சந்தித்து, கங்கு முன்னதா பின்னதா என்று சண்டை போட்டுக்கொள்கிறார்கள். சந்தோஷமாக இருக்கிறார்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நமக்கு இந்த வியாதி இல்லை என்று நானும்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது வெயில் நகர்ந்துவிட்டதால் நான் எழுந்து போய் மூன்று டப்பாக்களைத் திருப்பி வைத்துவிட்டு வந்து இந்த வரியை எழுதுகிறேன். கல்யாண விருந்துத் தக்காளி. தோல் மெல்லிசு.

உங்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன், பதில் சொல்லிவிட்டு அப்புறம் சிரியுங்கள். போன வாரம் வீட்டில் தீர்ந்துபோன தயிர் டப்பா இருக்கிறதே, அதைக் குப்பையில்தான் போட்டீர்களா? இல்லை, எதற்காவது ஆகும் என்று கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்களா?