இன்னும் ஒன்பது பக்கம்

ஐந்தாம் மாடிக்குப் போகவேண்டிய லிஃப்ட் மெக்கானிக், கீழ்த்தளத்திலேயே சுவரில் சாய்ந்து இருபத்தேழாம் அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. ஐந்தாம் மாடி வீட்டில் காத்திருக்கும் காதலி.

"எங்க இருக்க? அம்மா ரெண்டு தடவை கேட்டாச்சு!"

"கீழதான். இன்னும் பதினாலு பக்கம்."

"அந்த நாவல்னா உயிர்னு அம்மாகிட்ட அளந்தியே, பாவி!"

அளந்தது வாஸ்தவம். அவள் அம்மா, அந்த நாவலைப் பள்ளியில் முப்பது வருஷம் நடத்திய டீச்சர். "அப்படியா? ஞாயித்துக்கிழமை வாங்க. முதல்ல அந்த முடிவைப் பத்திப் பேசுவோம். கல்யாணப் பேச்சு அப்புறம்" என்று சொல்லிவிட்டார்.

பள்ளியில் அவன் படித்ததெல்லாம் கேள்வி-பதில் நோட்ஸ். இப்போது லைப்ரரியிலிருந்து நாவலை எடுத்துக் கடமைக்குப் புரட்டியவன், வசமாக மாட்டிக்கொண்டான். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. நாயகி துறைமுகத்தில் நிற்கிறாள், கப்பல் ஊதிவிட்டது, நாயகன் இன்னும் வரவில்லை!

வாட்ச்மேன் முறைத்தார். சட்டென்று லிஃப்டுக்குள் புகுந்தான். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே தன் சாவியைப் போட்டு நிறுத்தினான். பத்து நிமிஷம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது?

ஐந்து பக்கம்தான் ஓடியிருக்கும். கதவுகள் தடதடத்தன.

"லிஃப்ட் நின்னுடுச்சு! உள்ள ஆள் இருக்கு!"

மறுபடி போன். இந்தத் தடவை சூப்பர்வைசர்.

"டேய், லீவா இருந்தாலும் பரவால்ல, ஓடு! ஒரு லிஃப்ட்ல யாரோ மாட்டிக்கிட்டாங்களாம்." விலாசம் சொன்னார்.

"வந்துட்டேன் சார்."

"அதுக்குள்ளயா?"

"மாட்டிக்கிட்டதே நான்தான் சார்."

பதறிப்போய்ச் சாவியைத் திருப்பினான். ஐந்தாம் மாடியில் கதவு திறந்தது. கூட்டத்துக்கு முன்னால் டீச்சர்.

அடிபட்டதா, பயந்தாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"முடிவு?" என்றார்.

அவனுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. "இன்னும் ஒன்பது பக்கம் இருக்கு டீச்சர்! ஸ்கூல்ல நான் இதைத் தொட்டதே இல்ல. பொண்ணு தரலைன்னா நாளைக்கு அழுதுக்கறேன். இப்ப அவ கப்பல் ஏறினாளா இல்லையான்னு தெரிஞ்சாகணும்!"

டீச்சர் புத்தகத்தைப் பிடுங்கினார். விடுவிடுவென்று வீட்டுக்குள் போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

'போச்சு!' என்று தலையில் கை வைத்தான். காதலி கண்ணைத் துடைத்தாள்.

அவள் அப்பா அவன் தோளைத் தட்டினார்.

"கவலைப்படாதீங்க மாப்பிள்ளை. பாடத்துல முதல் இருபது அத்தியாயம்தான். முழுப் புத்தகத்தைக் கடையிலயோ லைப்ரரியிலயோ கேட்டா 'டீச்சருக்கே தெரியாதா'ன்னு சிரிப்பாங்கன்னு, முப்பது வருஷமா அவளும் முடிவு தெரியாமலேதான் நடத்திட்டிருந்தா!"