ஒரு கிலோ கல்லுப்பும் வஞ்சிரக் கருவாடும்

இனி இந்த நாக்கு யாருக்கும் அடிமையில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலை கோதண்டம் முழங்கினார். மனசுக்குள்தான். ஆனால் மிக உரக்க.

ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம். மனைவி மலர்க்கொடி கருவாட்டை நிறுத்தவில்லை. அதன் உயிரை மட்டும் எடுத்தாள். வெந்நீரில் ஊறவைப்பாள், தண்ணீரை மாற்றுவாள், மறுபடி ஊறவைப்பாள். மூன்றாம் தண்ணீரோடு உப்பெல்லாம் இறங்கிப்போகும். காசிமேட்டு வஞ்சிரம் அவர் தட்டில் நனைந்த அட்டையாக வந்து விழும்.

கோதண்டம் எண்ணூரில் ஒரு ரசாயன ஆலையின் சோதனைக்கூடத்தில் முப்பது வருஷம் கண்ணாடிக் குழாய் கழுவி ஓய்வு பெற்றவர். கழுவுகிறவருக்கும் காது உண்டே. நூறு மில்லி தண்ணீர் முப்பத்தாறு கிராம் உப்போடு போதும் என்றுவிடும். சர்க்கரை என்றால் சூடேற ஏற இன்னும் கேட்கும். உப்பு விஷயத்தில் கொதித்தாலும் இரண்டு மூன்று கிராம்தான் கூடும். ஆக, தண்ணீர் ஏற்கெனவே உப்பில் திணறிக்கொண்டிருந்தால் கருவாட்டிடம் கைநீட்டாது!

"நான் ஊறவெக்கிறேன், நீ போய்த் துணி காயப்போடுமே" என்றார்.

"நீயா? இன்னாய்யா, ஒடம்பு சரியில்லையா?"

"ஏன், ஆம்பள செய்யக்கூடாதா?"

அவள் மாடியேறியதும் இரண்டு லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ கல்லுப்பைக் கொட்டிக் கலக்கினார். அடியில் இரண்டு கைப்பிடி கரையாமல் தங்கியது. வெற்றி! கருவாட்டை இறக்கினார். அவள் திரும்பி வந்ததும், "மூணு வாட்டி தண்ணி மாத்திட்டேன். இன்னும் அரை மணி ஊறட்டும்" என்று சொல்லிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனார்.

மத்தியானம் தட்டில் பொரித்த கருவாடு இரண்டு துண்டு. வாயில் போட்டார். அட்டை.

"இன்னாமே இது? சப்புன்னு கீது!"

"அப்பிடித்தானே இருக்கணும்."

"இருக்கவே முடியாது!"

"ஏன் முடியாது? மூணு வாட்டி தண்ணி மாத்துனேன்னு நீதானே சொன்ன?"

இந்த இடத்தில் புத்தியுள்ள எந்தக் கணவனும் சோற்றைப் பார்த்துக் குனிந்திருப்பான். ஆனால் அறிவியலுக்கு ஓர் அவமானம் என்றால் கோதண்டத்தால் பொறுக்க முடியாது.

"ஒரு கிலோ உப்பு கொட்டிக் கீறேன்! அதுக்கு மேல எந்தத் தண்ணிமே கருவாட்டு உப்பை வாங்கும்?"

மலர்க்கொடி வாசல் பக்கம் திரும்பினாள். பக்கத்து வீட்டு ஷாஸியா காலிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றிருந்தாள்.

"கேட்டுக்கினியா ஷாஸியா? பாத்திரத்து அடியில உப்பு குந்திக்கினு இருந்துச்சுன்னு சொன்னப்ப நம்பலையே நீ. அதான் இவருக்கு ரெண்டு துண்டை மட்டும் தனியா எடுத்து வெந்நீர்ல போட்டேன்."

"அப்போ மீதி?" கோதண்டத்தின் குரல் பாதியாகிவிட்டது.

ஷாஸியா விரலை நக்கிக்கொண்டாள்.

"நாங்க ரெண்டு பேரும் துன்னுட்டோம்ணே. உப்பு அப்பிடியே நின்னுது. அடுத்த ஞாயித்துக்கெழமையும் நீங்களே ஊறவெய்யுங்க."